மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு நாள் பறவைப் பந்தயம்: வான் பிடிப்பதற்கு முன் வாசியுங்கள்

பெப்ரவரி மாதத்தில் மன்னாரில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிக்கிற மாதிரி, ஒரே நாளில் பறவை எண்ணப் போகிற யோசனை உங்களுக்கு இருந்தால் வான் பேசுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எந்தக் குளத்தில் எந்த வாத்து நிற்கும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வாகனம் புதைந்தால் யார் பின்னுக்கு நிற்பது, எவ்வளவு தண்ணீர் வேண்டும், செலவு யார் தலையில் விழும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பூநகரிப் பக்கம் களப்போரத்து உவர் வெளி ஒன்றில், எங்கள் பேச்சில் தரவையில், மத்தியானத்திலிருந்து பின்னேரம் வரை தனியே கிடந்துதான் அதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

பந்தயத்தின் விதிகள் சுலபமானவை. நண்பர்கள் நாங்கள் மூன்று அணியாகப் பிரிந்தோம். விடிய நாலரைக்கு மன்னார் நகரில் தொடக்கம், பொழுதுபடும் நேரம் யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் முடிவு. எத்தனை பறவை இனம் என்பதுதான் கணக்கு. கண்ணால் கண்டதும் சேரும், குரலைக் கேட்டதும் சேரும். ஆனால் ஒரு பறவை பட்டியலில் ஏற வேண்டும் என்றால் அணியில் இரண்டு பேராவது அதைக் கண்டிருக்க வேண்டும் அல்லது கேட்டிருக்க வேண்டும். தோற்ற அணிகள் இரவுச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பரிசு. எங்கள் வானில் நாங்கள் நான்கு பேரும் சாரதியும். மற்ற மூவரும் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரன், வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன்.

இந்தக் கரையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவைகளில் ஒரு பகுதி இந்தியக் கரையோரமாகவே இறங்கி, இராமேசுவரம் பக்கமாகக் கடலைத் தாண்டி மன்னாருக்குள் நுழைகின்றன. வருகிற வழியில் அவற்றுக்கு வேண்டிய ஆழமில்லாத தண்ணீர் வங்காலையிலும் தள்ளாடியிலும் இருக்கிறது. வங்காலை 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2010இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மாசியில் அங்கே ஊசிவால் வாத்துகள் நிற்கிற கூட்டத்தை ஒருமுறை கண்டவர்களுக்கு அந்த அறிவிப்புக்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டுக்கரைக்குளம் போன்ற பெரிய நன்னீர்க் குளமும், கண்டல் காடும், உவர் தரவையும், பனங்கூடலும் ஒரு நாள் ஓட்டத்துக்குள் அடுத்தடுத்துக் கிடைப்பது இந்தப் பாதையின் பலம். மன்னாரிலிருந்து ஏ32 வீதியில் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். 2011இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன் இப்படி ஒரு நாளை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

விடியற்காலம் நன்றாகவே போனது. இருட்டில் வீதியோரம் பக்கிக் குருவியின் கண்கள் வெளிச்சத்தில் மின்னின. கட்டுக்கரைக்குளத்தின் அணைக்கட்டில் ஏறியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஆறுமணிக்குருவி பெயருக்கேற்ற நேரத்தில் பற்றைக்குள்ளிருந்து குரல் கொடுத்தது. ஆள் வெளியில் வரவில்லை, ஆனால் நான்கு பேரும் கேட்டோம், எழுதிக்கொண்டோம். தாமரை இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழிகள், தண்ணீரின் நடுவில் தட்டைவாயன் வாத்துகள், மருத மரங்களில் நீர்க்காகங்கள் என்று ஏழரைக்குள் பட்டியல் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அணைக்கட்டில் நின்று பாணும் சம்பலும் சாப்பிட்டோம். வீதியோரக் கம்பியில் கரிச்சான் இருப்பதைக் கண்டு கொழும்பு நண்பர்கள் துள்ளினார்கள். எனக்கு அது வீட்டு வளவில் மாட்டின் முதுகில் இருக்கிற குருவி. இலங்கையில் வடக்கையும் வடமேற்குக் கரையையும் விட்டால் அதைக் காண்பது அரிது என்பது அவர்களுடைய சந்தோசத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கள்ளிப்புறாவும் கௌதாரியும் அப்படித்தான். இந்தப் பாதையில் போகிறவர்கள் இந்த மூன்றையும் மன்னாரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வழியில் கிடைக்கும் என்று தள்ளிப்போட்டால் பின்னேரம் அவற்றுக்காக நேரம் செலவழிக்க வேண்டி வரும்.

வங்காலையில் பூநாரைகள் தூரத்தில் நின்றன. கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, கருவால் மூக்கன், நெடுங்கால் உள்ளான், பெரிய ஆலா எல்லாம் வீதியை விட்டு இறங்காமலேயே கிடைத்தன. அந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு வாகனத்தில் இருந்தவர்கள், கூட்டத்துக்குள் என்னென்ன இனம் என்று பார்க்க, கைதட்டி வாத்துகளை எழுப்பினார்கள். பறவைகள் பறக்கும்போது செட்டையின் நிறத்தை வைத்து அடையாளம் காண்பது சுலபம், அது உண்மை. ஆனால் பங்குனி, சித்திரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து திரும்பப் போகிறவை அவை. அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன. ஒரு தரம் எழுப்பினால் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கெடுத்த மாதிரி. எந்தப் பந்தயத்துக்காகவும் இதைச் செய்யாதீர்கள். ஸ்கோப்பை, அதாவது முக்காலியில் பூட்டிப் பார்க்கிற தொலைநோக்கியை, வைத்துப் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால், நிற்கிற கூட்டத்திலேயே எல்லாவற்றையும் பிரித்துவிடலாம்.

தலைமன்னாருக்குப் போவதா விடுவதா என்று தள்ளாடியில் ஒரு விவாதம். போய்வரக் குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் வேண்டும், கிடைக்கப்போவது சில கடற்காகங்களும் ஆலாக்களும். விட்டுவிட்டோம். போன அணிக்கு நண்டுதின்னிகள் கிடைத்தன என்று பிறகு தெரிந்தது. என்னைக் கேட்டால், பந்தயம் இல்லாத இன்னொரு நாளில் தலைமன்னாருக்கு மட்டும் போவது நல்லது. தலைமன்னாருக்கு அப்பால் உள்ள ஆதாம் பாலத்து மணல்திட்டுகளுக்குப் படகில் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால், கடற்படையின் அனுமதியும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் இல்லாமல் ஏறாதீர்கள். 2015இலிருந்து அது தேசிய பூங்கா, ஆலாக்கள் முட்டையிடுகிற இடம்.

விடத்தல்தீவில் கண்டல் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் புறப்பட்டோம். வெள்ளாங்குளம், நாச்சிக்குடா எல்லாம் நில்லாமல் கடந்தோம். பூநகரியைத் தாண்டியபோது பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. வீதிக்கு மேற்கே தரவை விரிந்து கிடந்தது, அதன் கடைசியில் வெள்ளிக் கோடு மாதிரித் தண்ணீர். அந்தக் கோட்டில் உள்ளான்களின் பெரிய கூட்டம் ஒன்று. வீதியிலிருந்து ஸ்கோப்பில் பார்த்தால் கானல் அலையில் எல்லாம் நடுங்கின, ஒன்றையும் பிரிக்க முடியவில்லை. உழவு இயந்திரம் போய்வந்த தடம் ஒன்று வீதியிலிருந்து தரவைக்குள் இறங்கியது. அணித் தலைவன் கேட்டான், சாரதி யோசித்தார், பிறகு இறக்கினார். இருநூறு மீட்டர் வரை மண் கல்லுப்போல இருந்தது. திருப்பி நிறுத்துவதற்காகத் தடத்தை விட்டு ஒரு வளைவு எடுத்தபோது பின்சில்லு ஒரு சாண் இறங்கியது. சாரதி ஆக்சிலேட்டரை அழுத்த, சில்லு சுழன்று சுழன்று அச்சு வரைக்கும் போய்விட்டது.

அந்த மண்ணைக் கிட்டவாக இருந்து பார்க்க எனக்கு வேண்டிய நேரம் கிடைத்தது, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். மேலே ஒரு விரல் தடிப்புக்கு உப்புப் பூத்துக் காய்ந்த வெள்ளைத் தோல். அப்பளம் மாதிரி, ஓரத்தில் சுருண்டு வெடித்திருக்கும். அதை உடைத்தால் உள்ளே கறுப்புக் களி, கை வைத்தால் மணிக்கட்டு வரை போகும், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். மாரி மழையில் நிரம்பிய தண்ணீர் தை, மாசியில் மேலே வற்றிவிடுகிறது, கீழே வற்றுவதில்லை. உழவு இயந்திரம் போன தடத்தைப் பார்த்து வானை இறக்கலாம் என்று எண்ணவே கூடாது. அதன் பெரிய சில்லு போகிற இடத்தில் வான் போகாது. உமிரிச் செடி சிவந்து படர்ந்திருக்கிற நிலம் எப்போதும் ஈரம். வெள்ளைத் தோலுக்கு இடையில் கறுத்து மினுங்குகிற திட்டுகள் தெரிந்தால் அதற்கு அப்பால் மாடுகூடப் போயிருக்காது, குளம்படி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் முக்காலியின் ஒரு காலை ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுங்கள். நாலு விரலுக்கு மேல் இறங்கினால் வாகனத்துக்கு அங்கே வேலை இல்லை. எல்லாவற்றையும் விட நல்லது, தார் வீதியிலேயே வானை விட்டுவிட்டு நடப்பது.

நடப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. வடக்கில் மிதிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ, சிவப்புப் பூசிய கட்டைகளோ கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச் சனம் நடக்கிற பாதையை விட்டு விலகாதீர்கள். முதலில் ஊரில் ஒருவரிடம் கேளுங்கள். கொழும்பிலிருந்து வருகிற நண்பர்களுக்கு இது உடனே புரிவதில்லை. பறவை பற்றைக்குள் போனால் பின்னாலேயே போகிற பழக்கம் அவர்களுக்கு.

சரி, வான் புதைந்துவிட்டது. அரை மணித்தியாலம் தள்ளினோம். தள்ளத் தள்ள இறங்கியதே தவிர ஏறவில்லை. அப்போதுதான் பந்தயம் எங்கள் எல்லோருடைய புத்தியையும் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்பது தெரிந்தது. மற்ற அணிகளின் எண்ணிக்கை வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது. நாங்கள் நாலைந்து இனம்தான் பின்னுக்கு நின்றோம். யாழ்ப்பாணப் பக்கம் மண்டைதீவும் அல்லைப்பிட்டியும் பொன்னாலையும் இன்னும் மிச்சம். தலைவன் ஒரு யோசனை சொன்னான். சாரதி பூநகரிக்கு நடந்து போய் உழவு இயந்திரம் பிடித்து வரட்டும். மூன்று பேர் மன்னார் பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போய் ஓட்டோ பிடித்துப் பந்தயத்தைத் தொடரட்டும். பைகளும் ஸ்கோப்பும் கமராக்களும் இருப்பதால் ஒருவர் வானுக்குக் காவல் நிற்கட்டும். யார் நிற்பது என்று கேட்கவே இல்லை. “உனக்குத்தானே இந்த ஊர் பழக்கம், ஒரு மணித்தியாலத்தில் வெளியே எடுத்துவிடுவார்கள், நீ பின்னால் வந்து சேர்” என்றார்கள். நான் சரி என்றேன். அவர்கள் வீதிக்கு நடந்து போய், கைகாட்டி பஸ்ஸை மறித்து ஏறிப் போவதை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஏதோ செய்தது. கோபம் என்று அப்போது விளங்கவில்லை.

ஒரு மணித்தியாலம் என்ற கணக்கு எப்படிப் பிழைத்தது என்றால், மாசி மாதம் காலபோக நெல் அறுவடை. பூநகரியில் உள்ள உழவு இயந்திரம் எல்லாம் வயலில் நெல்லு ஏற்றிக்கொண்டிருந்தன. அறுவடையை நிறுத்திவிட்டு யார் வருவார்கள்? வரச் சொல்லிக் கேட்பதும் நியாயம் இல்லை. சாரதி இரண்டு மணிக்கு எடுத்துச் சொன்னார், நாலு மணிக்குப் பிறகுதான் ஒருவர் வருகிறாராம் என்று. அதற்குப் பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை.

தண்ணீர்ப் போத்தல்களில் அதிகம் நண்பர்களின் தோள்பைகளில் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது ஒரு லீட்டர் போத்தலில் முக்கால்வாசி. நிழல் என்று பார்த்தால் அந்தத் தரவையில் ஒரு மரம் கிடையாது, பனைகள் எல்லாம் வீதிக்கு அங்கால். வானுக்குள் இருந்தால் அவிந்துவிடும் போல இருந்தது. வானின் அடியில் படுக்கலாம் என்றால் அது களிக்குள் குந்தியிருக்கிறது. கடைசியில் என் பையில் இருந்த சாரத்தை எடுத்துக் கதவிலும் முக்காலியிலும் கட்டி, அதன் கீழே குந்தினேன். காற்று அடித்துக்கொண்டே இருந்ததால் வெயிலின் சூடு முதலில் தெரியவில்லை. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும், உடம்பில் உப்பு மட்டும் மிஞ்சும், எவ்வளவு தண்ணீரை இழக்கிறோம் என்று தெரியாது. இரண்டு மணியளவில் தலை இடிக்கத் தொடங்கியது. பிறகு கெண்டைக்காலில் பிடிப்பு, வயிற்றைப் பிரட்டல். எழும்பினால் கண் இருட்டியது. வெயில் சோர்வின் அடையாளங்கள் இவை என்பது தெரியும், தெரிந்திருந்தும் பயம் குறையவில்லை. துவாயைக் களப்புத் தண்ணீரில் நனைத்துக் கழுத்திலும் தலையிலும் போட்டேன், அது நல்ல உதவி. குடிக்கிற தண்ணீரை மடக்கு மடக்காகப் பங்கிட்டேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பாதைக்கு ஆளுக்கு ஐந்து லீட்டர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனி இரண்டு மூன்று பக்கெட் கட்டாயம் வேண்டும். வழியில் வாங்கலாம் என்று விடாதீர்கள், அந்தப் பக்கம் கிணறுகள் பல உவர், ஊர்ச் சனமே குடிநீருக்குக் கஷ்டப்படுகிறது. ஒருவருக்குப் பிதற்றல், மயக்கம் என்று வந்தால் பொறுத்துப் பார்க்காமல் 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். வேறு ஆபத்து என்றால் பொலிசுக்கு 119.

அந்த நேரத்தில் பறவைகளா? இருந்தன. நாங்கள் தேடி இறங்கிய அதே கூட்டம், ஆள் ஒருவன் அசையாமல் குந்தியிருந்ததால், மெல்ல மெல்லக் கிட்ட வந்தது. கொசு உள்ளான்கள் வானின் நிழலுக்குள்ளேயே ஓடித் திரிந்தன, ஒவ்வொன்றும் என் கைக்குள் அடங்கும் அளவு. கறுப்பு மூக்கு சேற்றில் தையல் ஊசி போல இறங்கி ஏறுவதைப் பைனாகுலர் இல்லாமலே பார்த்தேன். அப்பால் தண்ணீரில் நாமத்தலை வாத்துகளின் பெரும் கூட்டம் இறங்கி, சீட்டியடித்த மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் பட்டியலில் அன்று அந்த வாத்து இன்னும் ஏறியிருக்கவில்லை. தனியாகக் கண்டதால் அது எண்ணிக்கையில் சேராது. வேறு நாளில் என்றால் அதைப் பார்த்து எவ்வளவு மகிழ்ந்திருப்பேன். அன்று எனக்கு அழுகைதான் வந்தது. நண்பர்கள் போட்டுக்கொண்டிருந்த படங்களும் சிரிப்பும் போனில் வந்து விழுந்தபோது அதைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதால்தான் இதையும் எழுதுகிறேன்.

இரண்டரைக்குப் பிறகு தண்ணீர் நகரத் தொடங்கியது. யாழ்ப்பாணக் களப்பில் வற்றுப்பெருக்கு பெரிய அளவில் இல்லை. ஆனால் தரவை தட்டை, காற்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளினால் ஒரு விரல் உயரம் ஏறினாலும் அது நூறு மீட்டர் உள்ளே வந்துவிடும். முதலில் ஒரு மினுமினுப்பு மட்டும் தெரிந்தது, பிறகு முன்சில்லைச் சுற்றிக் குட்டை. அப்போது ஒரு வயோதிபர், தோளில் வீச்சுவலையும் கையில் பறியுமாகக் கரையிலிருந்து வந்தார். வானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, தண்ணி வருகுது. சாமானைத் தூக்கி வீதிக்குக் கொண்டுபோங்கோ. வானை இப்ப ஒண்டும் செய்யேலாது” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேளாமலே தன் போத்தலை நீட்டினார். ஸ்கோப்பையும் கமராப் பைகளையும் நாங்கள் இரண்டு பேருமாக வீதிக்குச் சுமந்தோம். ஸ்கோப் ஒன்றே மூன்று இலட்சம் பெறும், அதுவும் நண்பனுடையது. பிறகு அவர் பனங்கூடலுக்குள் போய்க் காய்ந்த பனை மட்டைகளை இழுத்து வந்து, பின்சில்லுக்கு முன்னால் களியைக் கையால் தோண்டி, மட்டைகளைக் குறுக்காக அடுக்கினார். கருக்கு கையை வெட்டாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் காட்டினார். “முதலே இதைப் போட்டிருந்தா நீங்களே ஏத்தியிருப்பியள். சில்லைச் சுத்த விட்டாத்தான் தாழும்” என்றார். காசு கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. “ஐயா, பிடியுங்கோ” என்று கெஞ்சியும் வாங்கவில்லை.

உழவு இயந்திரம் நாலே முக்காலுக்கு வந்தது. நைலோன் கயிறு முதல் இழுவையில் அறுந்தது, பிறகு சங்கிலி போட்டார்கள். சங்கிலியைக் கீழே உள்ள கொக்கியில் மாட்டாமல் பம்பரில் மாட்டியதால் பம்பர் ஒரு பக்கம் பிய்ந்து வந்தது. மட்டைகள் இருந்தபடியால் மூன்றாவது இழுவையில் வான் வீதிக்கு ஏறியது. கூலி 15,000 ரூபா. அறுவடையை இடையில் விட்டு வந்தவருக்கு அது அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். வானை வாடகைக்கு எடுத்த இடத்தில்தான் பெரிய அடி. பம்பர், கிளச், அடிப்பாகம் உப்பு போகக் கழுவி எண்ணெய் அடித்தது என்று 42,000 ரூபாவுக்கு ஒரு சீட்டு அனுப்பினார்கள். வாடகை 30,000 ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வீதியை விட்டு இறக்கச் சொன்னது பயணிகள் என்று அவர்களும், இறக்கியது உங்கள் சாரதி என்று நாங்களும். எழுத்தில் ஒன்றும் இல்லாததால், வானை என் பெயரில் வாடகைக்குப் பேசியிருந்ததால், எல்லா அழைப்பும் எனக்குத்தான் வந்தது. பேசிப் பேசி 30,000க்குக் கொண்டுவந்தேன். சாரதியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றிரவு கொழும்பு பஸ்ஸுக்குப் பதிவு செய்திருந்த 2,800 ரூபாவும் போனது. மறுநாள் காய்ச்சலோடு யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டில் படுத்திருந்தேன், வேலையிலும் ஒரு லீவு போனது.

பண்ணைப் பாலத்துக்கு நான் வந்தபோது இருட்டிவிட்டது. நண்பர்கள் 114 இனத்தோடு இரண்டாவதாக வந்திருந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் பொன்னாலையில் தவறவிட்ட வல்லூறைப் பற்றித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்துக் காசுக் கணக்கு பேசும்போதுதான் வாய் திறந்தேன். உழவு இயந்திரக் கூலியையும் கராஜ் சீட்டையும் நான்காகப் பிரிக்கலாம் என்றார்கள். “நான் பந்தயத்திலேயே இல்லை, எனக்கு எந்தப் பங்கு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தலைவன்தான், மூன்று பேரும் கட்டுகிறோம், உன் பஸ் காசும் சேர்த்து என்றான். இந்தக் கதையை வெளியே சொன்ன பிறகு, தெற்கே வேறு பந்தயங்களிலும் பின்னுக்கு விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிய வந்தது. எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள், சிநேகிதம் கெடக் கூடாது என்று. பேசுங்கள். பேசாமல் வைத்திருந்தால்தான் கெடும்.

அதனால் எங்களுக்குள் விதி மாறியது. வாகனம் நின்றால் அந்த அணியின் நேரமும் நிற்கும், வாகனம் ஓடத் தொடங்கியதும் மற்ற அணிகள் முடிக்கும் நேரத்தை அவர்களுக்கு நீட்டிக்கொடுக்க வேண்டும். யாரையும் தனியே விடுவதில்லை, நிற்பதென்றால் இரண்டு பேர் நிற்க வேண்டும், தண்ணீரில் பாதி அவர்களிடம் இருக்க வேண்டும். சாரதியிடம் பறவைக்காக எதையும் கேட்கிற உரிமை தலைவனுக்குக் கூட இல்லை, தார் வீதியை விட்டு இறக்குவதா என்பது சாரதியின் முடிவு, அவர் மாட்டேன் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை ஓட்டம் இல்லை, எங்காவது நிழலில் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுப்பது. இதனால் எண்ணிக்கை குறையுமே என்று பயந்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அந்த நேரத்தில் கானல் ஆடுகிற தரவையில் உள்ளான்களைப் பிரிக்க எப்படியும் முடியாது, காட்டுக் குருவிகளும் அடங்கியிருக்கும். நாங்கள் புதைந்தது அந்த நேரத்தில்தான், தெரியாத பறவையைத் தெரிந்துகொள்ளக் கிட்டப் போனபோது.

வருகிற மாசிக்கு வான் பேசியாயிற்று. சேதம் வந்தால் யார் எவ்வளவு என்று உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருக்கிறேன், இந்த முறை வான் நான்கு பேரின் பெயரிலும். பின் பெட்டிக்குள் சங்கிலி, மண்வெட்டி, இரண்டு பலகை, இருபது லீட்டர் தண்ணீர்க் கான். பூநகரியில் அன்று வந்த உழவு இயந்திரக்காரரிடம் பேசி, அறுவடை எந்தக் கிழமை முடியும் என்று கேட்டு அதற்குப் பிந்திய சனிக்கிழமையைத்தான் குறித்திருக்கிறோம். அவருடைய இலக்கம் எல்லோருடைய போனிலும் இருக்கிறது, சாரதியினுடையதிலும்.